முதல் மிதி

ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அவர் ஒருவர்தான். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அடுத்த அடி வைக்க இடமில்லை.

கூட்டமெல்லாம் இல்லை. தரைதான் இடம் கொடுக்கவில்லை.

தேவாலயத்தின் தரை முழுக்கக் கல்லறைகள். கல்லில் மல்லாந்து படுத்த உருவங்கள், கூப்பிய கைகள், பெயர்கள். அவற்றின் மேலேயே ஜனம் நடந்தது. ஒருத்தி பிள்ளை வண்டியை ஓர் ஆயரின் முகத்தின் மேல் உருட்டிக்கொண்டு போனாள்.

ஆயருக்கு மூக்கு இல்லை. தேய்ந்திருந்தது.

அவருடைய வெறுங்கால் யாருடைய பெயரிலோ பட்டுவிட்டது. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நிமிர்ந்து மற்றக் காலை நகர்த்தினார். அங்கேயும் ஒரு பெயர். மறுபடியும் குனிந்தார்.

கிழவரின் கண்ணாடி விழுந்துவிட்டதென்று எண்ணி, ஒரு வெள்ளைக்காரரும் கூடவே குனிந்து தேடினார்.

"என்னப்பா செய்யுதிய? எல்லாரும் பாக்காவ."

மகள் ஜெசிந்தா. இந்த இத்தாலிய ஊரில் நர்ஸ். பழைய கோயிலைக் காட்டுகிறேன் என்று அழைத்து வந்தவள்.

"மேல நடந்தா ஒண்ணுமில்லப்பா. நடக்கத்தான் போட்டிருக்கு."

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. ஊரிலிருந்து தம்பி சவேரியான். அவர் எடுக்கவில்லை.

என்ன கேட்பான் என்று தெரியும். இவர் சொல்ல வேண்டிய பதிலும் ஆயத்தமாக இருந்தது.

ஊர்க் கோயிலில், பீடத்துக்கு நேர் எதிரே, முப்பாட்டனார், ஊர்த் தலைவராக இருந்த பட்டங்கட்டி கபிரியேல் வாஸின் கல்லறை. சுற்றிப் பித்தளை வேலி. பூசையில் நற்கருணை நன்மை வாங்க வருகிற ஜனம் வேலியில் முட்டுகிறது, எடுத்துவிடலாமா என்கிறார் புதிதாக வந்த ஃபாதர். இன்று பூசை முடிவதற்குள் பட்டங்கட்டி வீட்டின் மூத்தவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

என் தலை சாயும்வரை இல்லை. இதுதான் பதில்.

ஜெசிந்தா அவரைக் கைப்பிடித்து ஒரு கண்ணாடித் தளத்தருகே கூட்டிப்போனாள். கீழே விளக்கு எரிந்தது. கோயிலுக்குக் கீழே இன்னொரு கோயில். கிறிஸ்து வேதம் இந்த ஊருக்கு வந்த புதிதில் கட்டியது. மேலே நிற்பது அதைவிட எத்தனையோ நூற்றாண்டு இளையது. கீழ்த் தரையில் பொடிப்பொடிக் கற்களைப் பதித்து மீன், படகு, கொடி. நடுவே எழுத்துகள்.

"இன்னார் குடும்பத்தோட இத்தனை அடி தரை போட்டுக் குடுத்தாருன்னு எழுதியிருக்கு. நம்ம ஊர்ல ட்யூப் லைட்ல உபயம்னு எழுதுவாவல்லா, அதுமாதிரி."

உபயம் என்றால் தலைக்கு மேலே எழுதுவார்கள். வளைவில் எழுதுவார்கள். மணியில் எழுதுவார்கள்.

காலடியில் எவன் எழுதுவான்?

இந்த ஊரில் மானம் எந்தப் பக்கம் இருக்கிறது, மேலா, கீழா? அவருக்குப் பிடிபடவில்லை.

திரும்பினார். தூணோரம் ஒரு கல். அதில் ஐந்தே எழுத்து.

அவருக்கு லத்தீன் தெரியாது. ஆனால் இந்த ஐந்து எழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டும் வரைவார். முப்பாட்டனார் கல்லில் பெயருக்குக் கீழே இருப்பது இதுவே. அந்தக் காலத்துப் பாதிரியார் வெட்டவைத்தது. கல்தச்சனுக்குப் பாதிரியார் தம் லத்தீன் எழுத்தில்தான் எழுதிக் கொடுத்தாராம். சொல் என்னவோ தமிழ்தான்.

கால்கா.

காலைக் காத்துக்கொள். மிதிக்காதே.

வீட்டில் பிறந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் பால்குடி மறந்ததும் சொல்லிக்கொடுத்த பொருள் அது. அந்தச் சொல்லுக்காகத்தான் வேலி.

"இங்கயும் கால்கான்னு போட்டிருக்காவளே?"

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். "கல்காப்பா. நீங்க இழுக்கிய. லத்தீன்ல மிதின்னு அர்த்தம். இங்க இப்பவும் அப்படித்தான் பேசுவாவ."

"மிதிக்காதேன்னா?"

"மிதின்னுதான். என்னைய மிதிச்சிட்டுப் போங்கன்னு அவரே சொல்லிட்டுச் செத்திருக்காரு. தாழ்மைக்கு."

அவர் கல்லைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மறுபடி கல்லைப் பார்த்தார்.

அவள் தப்பாகப் படித்திருக்கலாம்.

இல்லை, வெட்டியவன் தப்பாக வெட்டியிருக்கலாம்.

பந்தெடுக்க அந்த வேலிக்குள் குதித்ததற்காகச் சவேரியானை அப்பா புளியம் விளாறால் விளாசியது நினைவுக்கு வந்தது. அடி விழ அவனைப் பிடித்துக்கொண்டவர் இவர்தான். அப்படியென்றால் அந்த வீட்டில் முப்பாட்டனாரின் சொல்லைக் கேட்டவன் அவன் ஒருவன்தானா?

எழுத்துகளின் மேலே ஒரு சோடிச் செருப்பு நடந்து போனது.

போன் மீண்டும் அதிர்ந்தது. எடுத்தார்.

"அண்ணே, பூசை முடியப் போவுது. ஃபாதர் உங்க வார்த்தைக்குத்தான் நிக்காவ. மாட்டோம்னு சொல்லிரவா?"

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"வேலிய எடுக்கட்டும்."

அவரே தொடர்ந்தார்.

"ஆனா ஒண்ணு. கண்டவனும் ஏறப்பிடாது. முதல் மிதி நம்ம வீட்டு மிதியா இருக்கணும்."

"அண்ணே... என்ன சொல்லுதிய? மிதியா?"

"மிதிதான்."

சவேரியான் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"யாரு மிதிக்கதுண்ணே?"

அந்த வீட்டில் மூத்தவர் அவர்தான்.