பின்னறையில் இரண்டு பசங்க

"உள்ளே எத்தனை பேர்?" தீப்பிடித்த வீட்டின் முன் வண்டி நிற்கும் முன்பே குதித்த தீயணைப்பு அதிகாரி கேட்டார்.

டிரைவர் டேப்லெட்டைப் பார்த்தார். "அஞ்சு பேர் சார். போன மாசம் இளைஞர் நலத் துறைக்கும் நம்ம தீயணைப்புத் துறைக்கும் சேர்த்து வீடு வீடா கணக்கெடுத்தாங்களே, அதுல இருக்கு. பெரியவர், மகன், மருமக, பின்னறையில ஸ்கூல் படிக்கிற பசங்க ரெண்டு பேர்."

பெரியவர் மட்டும்தான் வாசலில் இருமிக்கொண்டு நின்றார். முகமூடியோடு ஓடிய வீரரின் காலைச் சட்டென்று கட்டிக்கொண்டார்.

"உள்ள போகாதே தம்பி! யாரும் இல்ல!"

"அதிர்ச்சியில உளறுறார். விலக்குங்க!" என்றார் அதிகாரி.

வீரர் புகைக்குள் மறைந்தார். மேலே உத்தரம் மடமடவென்று முறிந்தது.

வயர்லெஸ்ஸில் வீரருக்கு மூச்சிரைத்தது. "பின்னறை காலி சார். கட்டிலுக்கு அடியிலயும் பாத்துட்டேன்."

"பசங்க பயந்து ஒளிஞ்சிருப்பாங்க. அலமாரியைத் திற!"

பெரியவர் அதிகாரியின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "ஐயோ, அவனைக் கூப்பிடுய்யா! நான் ஒண்டிக்கட்டை. மகனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. தனியாள்னு தெரிஞ்சா எவனாவது வீடு புகுந்துடுவான்னு, கணக்கெடுக்க வந்த பொண்ணுகிட்ட அஞ்சு பேர்னு அடிச்சுவிட்டேன்!"

"வெளியே வா!" வயர்லெஸ்ஸில் கத்தினார் அதிகாரி.

வீரர் வாசலைத் தாண்டவும் கூரை சரியவும் சரியாக இருந்தது.

அதிகாரி பல்லைக் கடித்தார். "பொய் சொன்னா ஒரு உயிர் போகும்னு தோணலையா பெரியவரே?"

"எப்படிய்யா தோணும்?" பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "கவர்மென்ட்டுல எழுதிட்டுப் போனதை இதுவரைக்கும் எவன்யா படிச்சிருக்கான்?"