சர்க்கரை டப்பா

"அம்மாவைக் கொன்னுட்டுத்தான் ஓய்வீங்களாப்பா?"

பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, மகள் ஆரம்பித்துவிட்டாள்.

அடுப்படியில் அம்மா பெரிய கிண்ணத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு கேக்குக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அப்பா, பரீட்சை ஹாலில் நிற்கும் வாத்தியார் மாதிரி, அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஞாயித்துக்கிழமைன்னா கேக். இந்த வீட்டுல எப்பவும் அப்படித்தான்" என்றார் அப்பா.

"எப்பவுமாவது மண்ணாங்கட்டியாவது! அம்மாவுக்கு ஞாபகம் தப்புது, தொந்தரவு பண்ணாதீங்கன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

அம்மா எதையும் காதில் வாங்கவில்லை. "சர்க்கரை போட்டேனா?" என்று கேட்டாள்.

"தெரியலையேம்மா. போடேன்" என்றார் அப்பா.

"இப்பத்தானேப்பா போட்டாங்க! நானே பாத்தேன்!"

அதற்குள் அம்மா டப்பாவைத் திறந்து இன்னொரு கரண்டி போட்டாயிற்று. அப்பா தடுக்கவே இல்லை. முட்டைக்கு அவள் கை நீண்டபோது மட்டும், "அங்க பாரு, ஜன்னல்ல குருவி" என்று சொல்லிவிட்டு முட்டைகளை நைசாக நகர்த்தி வைத்தார். குருவியும் இல்லை, ஒன்றும் இல்லை.

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் பொத்தென்று வைத்தாள்.

"இந்தாங்க, கேக் மிக்ஸ். மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர் எல்லாம் இதுலயே கலந்திருக்கு. முட்டையும் எண்ணெயும் ஊத்திக் கலக்கினா முடிஞ்சுது. இனிமேலாவது அவங்களை விடுங்க."

அம்மா முகத்தைச் சுளித்தாள். "பெட்டி மாவா? அதை யாருடி கேட்டா?"

"பெட்டி மாவு இந்த வீட்டு வாசப்படி ஏறக் கூடாது!" என்று அப்பா குதித்தார். குதித்த வேகத்தில் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்விட்டார்.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். தெருவில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் அம்மா கை கேக்தான். பெட்டி மாவில் செய்கிறவர்களை அம்மா ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. அந்தப் பெருமையில் இத்தனை வருஷம் குளிர்காய்ந்தவர் அப்பா. பெண்டாட்டிக்குத் தலை தடுமாறும்போதும் அந்தச் சுகத்தை விட மனசு வரவில்லை. என்ன மனுஷர்!

கேக் ஓவனுக்குள் போனது. அம்மா களைத்துப் போய்க் கட்டிலில் சாய்ந்தாள். மகள் டீ போட்டு, சர்க்கரை டப்பாவைத் திறந்து இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினாள்.

டீ கஞ்சியாகிவிட்டது.

டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தாள். மாவு. மைதா டப்பாவைத் திறந்தாள், அதே மாவு. பேக்கிங் பவுடர் டப்பாவிலும் அதுதான். உப்பு ஜாடியிலும் அதுதான்! ஒவ்வொன்றாய்த் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஒரே தித்திப்பு, ஒரே வெனிலா வாசனை.

"டீக்குச் சர்க்கரை என் அலமாரியில இருக்கும்மா."

அடுப்படி வாசலில் அப்பா. கையில் அவள் கொண்டுவந்த பெட்டி, வாய் பிரிக்கப்பட்டு.

"என்னப்பா இதெல்லாம்?"

"மெதுவாப் பேசு." கதவைச் சாத்தினார். "ஒரு வாரம் சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டா. இன்னொரு வாரம் பேக்கிங் பவுடரைப் போட்டுப் போட்டு, கேக் பொங்கி ஓவன் பூரா வழிஞ்சுது. அப்புறம் ஒருநாள் மாவே போட மறந்துட்டா. அன்னிக்கு இந்தத் தரையில உக்காந்து, 'என் கையும் போயிடுச்சா'ன்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதா பாரு..."

கையிலிருந்த பெட்டி மாவைச் சர்க்கரை டப்பாவில் கொட்டினார்.

"இப்ப எந்த டப்பாவை எடுத்தாலும் கவலையில்லை, எத்தனை தடவை போட்டாலும் கவலையில்லை. முட்டையையும் பாலையும் பாத்துக்கத்தான் நான் பக்கத்துல நிக்கிறேன்."

மகளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அம்மா கண்டுபிடிச்சுட்டாங்கன்னா?"

"சில நேரம் என்னையே யாருன்னு பாக்குறா. மாவையா கண்டுபிடிக்கப் போறா? இனிமே ஞாபகம் குறையத்தான் செய்யும்னுட்டார் டாக்டர். இதுவும் போயிட்டா அவகிட்ட வேற என்னம்மா மிச்சம்?"

சாயங்காலம் கேக்கை வெட்டினார்கள். "எந்தக் கடையும் உன் கைகிட்ட நிக்க முடியாது" என்றார் அப்பா. அம்மா புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டாள். மகள் தன் துண்டை விண்டு விண்டு தட்டிலேயே வைத்தாள்.

அப்பா பால் வாங்கக் கிளம்பினார். அவர் முதுகு இவ்வளவு கூனிப் போயிருப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும், அம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சகிக்கலை, இல்ல?"

"ஏம்மா, நல்லாத்தானே இருக்கு..."

"பெட்டி மாவு எப்படிடி நல்லா இருக்கும்?"

மகளுக்குப் பகீரென்றது. "அம்மா!"

"சர்க்கரையை அள்ளினா நறநறன்னு இருக்க வேண்டாமா? தலைக்குத்தான் மறந்துபோகுது, விரலுக்கு மறக்குமா? மொத நாளே தெரிஞ்சுபோச்சு." அம்மா குரலைத் தாழ்த்தினாள். "அப்பாகிட்ட மூச்சு விட்டுடாத. என்னைத் தாங்குறோம்கிற நினைப்புலதான் மனுஷன் எழுந்து நடமாடுறாரு. அது போச்சுன்னா படுத்துடுவாரு."

மகள் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மாவு இன்னும் நகக்கண்ணில் ஒட்டியிருந்தது. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுதான்டி எனக்குப் பயமா இருக்கு" என்றாள். "தெரியாத மாதிரி நடிக்கணும்கிறது எனக்கு இன்னும் எத்தனை நாளைக்கு ஞாபகம் இருக்கும்?"