மூன்றாவது குப்பி

"சும்மா மோந்து பாத்துட்டு நல்லாருக்குன்னு சொல்லக் கூடாது. சரியா சொல்லணும்," என்றாள் மனைவி.

சாப்பாட்டு மேசைமேல் பழுப்பு நிறத்தில் மூன்று குப்பிகள். காட்டுப்பூண்டு இலையிலிருந்து மருந்துச் சத்தைப் பிரித்தெடுப்பது அவளுடைய ஆராய்ச்சி. சத்து வர வேண்டும், நாற்றம் வரக் கூடாது, தண்ணீரையும் காற்றையும் கெடுக்கிற ரசாயனம் எதுவும் சேரக் கூடாது. இதற்குள் பாதித் தலை நரைத்துவிட்டது.

"ஏன், உன் மூக்கு என்னாச்சு?"

"பூண்டுலயே ஊறிப்போச்சு. எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு. காலையில கம்பெனிக்காரங்க வர்றாங்க. வாடை வந்தா திட்டத்தையே இழுத்து மூடிடுவாங்க."

கணவர் சோப்புத் தொழிற்சாலையில் வாசனை பார்ப்பவர். அவர் முகர்ந்து தலையாட்டாமல் ஒரு கட்டிகூடக் கடைக்குப் போகாது. கைகால் எல்லாம் சும்மா, மூக்குக்குத்தான் சம்பளம் என்று அங்கே கேலி பேசுவார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது பழைய முறை. ஆல்கஹால்ல ஊறவச்சு எடுத்தது."

கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "அப்பப்பா! குடலைப் புடுங்குது. வர்றவங்க வாசலோட திரும்பிடுவாங்க."

"இது வெறும் தண்ணியில அல்ட்ராசவுண்ட் விட்டு எடுத்தது."

"ம்... பரவால்ல. முதல்ல பச்சை இலை வாடை. அப்புறம் பூண்டு லேசா எட்டிப் பாக்குது. பாதிக் கிணறு தாண்டிட்டே."

மூன்றாவது குப்பியைத் திறந்து அவரிடம் நீட்டினாள்.

"இது கார்பன் டை ஆக்சைடை அழுத்தத்துல விட்டு எடுத்தது. இதைத்தான் மலைபோல நம்பியிருக்கேன். நல்லா பாத்துச் சொல்லுங்க."

மூக்கைக் குப்பிக்குள்ளேயே விட்டுவிடுவார் போலிருந்தது. இழுத்தார். மறுபடியும் இழுத்தார்.

"சுத்தம்! பூண்டு இந்தப் பக்கமே வரல. ஜெயிச்சிட்டே, போ!"

அவள் கண்களில் நீர் முட்டியது.

"அட, சந்தோஷத்துல அழுறியா?"

அவள் எழுந்து போய் ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள். திரும்பி வந்து மூன்றாவது குப்பியை இறுக மூடினாள்.

"காலையில கம்பெனிக்காரங்க யாரும் வரலைங்க. நாமதான் டாக்டர்கிட்ட போறோம்."

"டாக்டரா? யாருக்கு என்ன?"

"போன வாரம் பால் அடிப்பிடிச்சுக் கருகினப்போ, அடுப்புப் பக்கத்துலயே நின்னு போன் பாத்துட்டிருந்தீங்க. வேலை போயிடும்னு ஆபீஸ்ல மறைங்க. என்கிட்டயுமா?"

"என்ன உளர்றே? இப்பத்தானே மூணையும் பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னேன்?"

"சொன்னீங்க. முதல் ரெண்டும் குழாய்த் தண்ணி. மூணாவதுதான் இப்ப மிக்சியில அரைச்ச பூண்டுச் சாறு."