இனாம் டியூஷன்

"டியூஷன் மாஸ்டர் விடியக்காலமே ஜீப்புல இங்க வந்துட்டுப் போய்ட்டாராம், டீக்கடையில சொன்னாங்க. நமக்காக ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத்தான் வந்திருப்பாரு. எம்மாம் பெரிய மனசு!" என்றார் செந்தாமரையின் அப்பா கோவிந்தன்.

அவளுக்குப் பயம் கொஞ்சம் குறைந்தது.

மலைமேல் இருந்த புதூர்நாட்டுப் பள்ளிக்கூட வாசலில் அவளைப் போல இருபது பேர் காத்திருந்தார்கள். உள்ளே ஓர் அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, நிஜமாகவே மலைசாதிதானா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் இருந்தால்தான் டாக்டர் படிப்பில் மலைவாசிகளுக்கு ஒதுக்கிய இடத்துக்கு மனுப் போட முடியும். மனுவுக்கு நாளைதான் கடைசி நாள்.

"நீ இன்னாத்துக்கும்மா பயப்படுற? எட்டு மாசம் படிச்சிருக்கிறே," என்று கோவிந்தன் தேற்றினார்.

அந்த எட்டு மாதத்தை நினைத்தாலே அவளுக்குக் குமட்டும். நுழைவுத் தேர்வு என்று ஒன்று வந்தாலும் வந்தது, மலைக்குக் கீழே திருப்பத்தூரில் சந்துக்குச் சந்து டியூஷன். கோபால்சாமி மாஸ்டர் வீட்டு மாடியில், தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பேர். வேர்வை நாற்றத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, விடைகளை மென்று மென்று துப்புவார்கள். அதற்குப் பெயர் படிப்பு!

அந்தக் கும்பலில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "உனக்கென்னடி, பாஸ் பண்ணாலே சீட்டு," என்று முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்காதவன் மாஸ்டரின் மகன் லட்சுமணன் ஒருவன்தான்.

மாஸ்டரும் அவளிடம் ஒரு பைசா வாங்கவில்லை. "மலையிலேர்ந்து ஒரு பொண்ணு டாக்டராகட்டும், எனக்கு அது போதும்," என்பார். அவள் பேச்சைக்கூடத் திருத்தினார். "வூடுன்னு சொல்லாதேம்மா, வீடுன்னு சொல்லு. நாளைக்கு நாலு பேர் மதிக்க வேணாமா?"

வகுப்பு முடிந்ததும் லட்சுமணன் அவளுக்கு பிசிக்ஸ் கணக்குச் சொல்லித் தருவான். பிறகு அவள் ஊர்க்கதையைக் கேட்பான். கேட்டதையே மறுபடி மறுபடி கேட்பான். நம் கதையை ஒருத்தன் இவ்வளவு ஆசையாகக் கேட்கிறானே என்று, யாரிடமும் சொல்லாததையெல்லாம் அவள் அவனிடம் சொன்னாள்.

"செந்தாமரை!"

உள்ளே போனாள். கோவிந்தனும் பின்னாலேயே நுழையப் பார்த்தார். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்பனெல்லாம் வெளியிலயே நிக்கட்டும். போன வாரம் ஒருத்தன் வாடகைக்கு அப்பனைப் பிடிச்சு, கோவணம் கட்டிக் கூட்டிட்டு வந்தான். கருமம்!"

அவர் மாற்றலாகி வந்து பதினைந்து நாள்தான் ஆகிறது. அதற்குள் கீழ்நாட்டிலிருந்து வந்த ஏழு போலி மலைவாசிகளைப் பிடித்துவிட்டார். யாரிடமும் கை நீட்டாத மனிதர். ஏழைகளின் இடத்தைத் திருட வரும் இந்தக் கும்பலை நினைத்தாலே அவருக்குக் காறித் துப்பத் தோன்றும்.

இஸ்திரி போட்ட அவளுடைய தாவணியை மேலும் கீழும் பார்த்தார். சாமை விதைப்பு, சாமி கும்பிடுவது, கல்யாணம், சாவு என்று அடுக்கடுக்காகக் கேட்டார். மாஸ்டர் பழக்கிவிட்ட சுத்தமான பேச்சில் அவள் தடங்கலில்லாமல் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல, வேப்பெண்ணெய் குடித்தவர்போல அவர் முகம் கோணிக்கொண்டே போனது.

"இதெல்லாம் எல்லாரும் உருப்போட்டுட்டு வர்றதுதான். சாமை விளையாத வருஷம் என்ன சாப்பிடுவீங்க? அதைச் சொல்லு."

சுத்தமான பேச்சு அந்த இடத்தில் செந்தாமரைக்கு வரவில்லை.

"புளியங்கொட்டைங்க. வறுத்து, தோலை எடுத்துட்டு, ஊறவெச்சு அவிச்சுத் துன்னுவோம். ஆறு வயசுல எனக்கு அது எறங்கல, வாந்தி எடுத்துட்டேன். எங்கப்பா அடிச்சுட்டாரு. அப்புறம் என்னை மடியில போட்டுக்கினு, வூட்டுக்குப் பின்னால குந்திக்கினு அவரே அழுதாருங்க…"

மேலே சொல்ல முடியாமல் தாவணியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். அவள் மனுவின் குறுக்கே 'போலி' என்று பெரிதாக எழுதி, தொடப் பிடிக்காதவர்போல விரல் நுனியால் தள்ளிவிட்டார்.

"சார்! சத்தியமா நான்…"

"அழாதே, அருவருப்பா இருக்கு. வயித்துப் பசியைக்கூடவா காப்பியடிப்பீங்க? ஒரு அப்பனோட அழுகையைக்கூடவா?"

"காப்பியா? இது எங்க வூட்ல நடந்ததுங்க!"

"காலையில முதல் ஆளா வந்தவன் இதே புளியங்கொட்டை, இதே வாந்தி, இதே அடின்னு வார்த்தை மாறாம சொல்லிட்டுப் போனான். கேட்டு எனக்கே கண் கலங்கிப்போய் உடனே கையெழுத்துப் போட்டேன்."

அதிகாரி அவள் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"அந்த மலைக்காரப் பையன் லட்சுமணன்கிட்ட எத்தனை நாள் டியூஷன் படிச்சே?"