முள்ளைத் தூக்கிய பிறகும்

முள்ளைத் தூக்கினாள்.

இரைச்சல் நிற்கவில்லை.

இசைத்தட்டு கீழே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. முள் அதைத் தொடாமல் இரண்டு விரற்கடை மேலே நின்றது. ஸ்பீக்கர்கள் மட்டும் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே இருந்தன.

சுற்றுவதையும் நிறுத்தினாள்.

அப்போதும் அதே உறுமல்.

காலை பத்து மணி. புருஷன் கல்யாண மண்டபத்துக்கு ஸ்பீக்கர் கட்டப் போயிருந்தார். செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

“நான் போட்ட வயர் இரையாது. உன் குரல்லதான் அந்த இரைச்சல். அன்னைக்கே சொன்னேன்ல?”

அன்றைக்கு என்றால் முப்பத்தாறு வருடத்துக்கு முன்னால்.

கல்யாணமாகி நான்காம் மாதம். வத்தலக்குண்டில் மெல்லிசைக் கச்சேரி. குழுவில் அவள் பாடகி, அவர் மைக்செட். அவள் பாடப் பாட ஸ்பீக்கர் உறுமியது. குழுவை நடத்திய இருதயராஜ் அண்ணன், என்னப்பா சத்தம் என்று கேட்டார். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்றவர் கொஞ்சமும் கூசாமல் அவளைக் கைகாட்டினார். செட்டில் ஒரு கோளாறும் இல்லையாம். அவள் குரலிலேயே ஓர் இரைச்சல் இருக்கிறதாம். மைக் அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறதாம்.

மைக்செட்காரர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

அவளும் நம்பினாள்.

அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

அதன்பிறகு அவள் மேடை ஏறவில்லை. குளிக்கும்போதுகூட ஒரு வரி முணுமுணுத்ததில்லை. அவருடைய மைக் வயர்களுக்கு ஈயம் வைத்துக்கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிட்டாள்.

இந்தத் தட்டு அதற்கும் முன்னால் போட்டது. ஏதோ ஒரு கோயில் திருவிழாவுக்காக. அதில் இரண்டாவது பாட்டு அவளுடையது. அவர் கேசட் காலத்து ஆள், வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்ததே இல்லை. தட்டு பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது. போன மாதம் இருதயராஜ் அண்ணன் இறந்ததும் அவர் மகள் இந்தப் பிளேயரைக் கொடுத்தனுப்பினாள்.

முள்ளைத் தாங்கும் கைக்குள் ஓடும் வயர்கள் இற்றுப்போயிருந்தன. நேற்று புருஷனே உட்கார்ந்து புது வயர் இழுத்தார்.

போட்டதும் உறுமல். உறுமலுக்கு அடியில் எங்கேயோ அவள்.

இத்தனை வருடம் கழித்தும் அவருக்கு அதே பதில்தான் வாயில் வந்தது.

சரி. என் குரலில்தான் இரைச்சல். முள் தூக்கியிருக்கும்போது பாடுவது யார்?

தட்டை எடுத்து வைத்துவிட்டு, பிளேயரைக் கவிழ்த்து அடிப்பலகையின் திருகாணிகளைக் கழற்றினாள். பலகையின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த நிற வயர் எங்கே போக வேண்டும் என்று படம் போட்டிருந்தார்கள். அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். படம் பார்த்து வயர் போடுகிறவன் எல்லாம் ஒரு வயர்மேனா என்பார்.

கறுப்பு வயர்தான் எர்த் என்றது தாள். பச்சை, வலது ஸ்பீக்கருக்குப் பாட்டைக் கொண்டுபோகிற இரண்டு வயர்களில் ஒன்று.

அவர் பச்சையை எர்த் திருகாணியில் கட்டியிருந்தார். பச்சை போக வேண்டிய இடத்தில் கறுப்பு.

மண்டபம் மண்டபமாக லைன் இழுத்த கை அல்லவா. அங்கே பச்சை என்றால் எர்த். கறுப்பு என்றால் நியூட்ரல். இங்கேயும் அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சால்டரிங் அயர்னைச் சூடாக்கினாள். ஈயம் உருகியதும் இரண்டு வயரையும் பிரித்தாள். மாற்றி வைத்தாள். அவருக்கு உழைத்துப் பழகிய விரல்.

பிளேயரை நிமிர்த்தி, தட்டை வைத்துப் போட்டாள்.

உறுமல் போன இடம் தெரியவில்லை. தெருவில் மீன்காரர் கூவுவது கேட்டது.

முள்ளை இறக்கினாள்.

பத்தொன்பது வயதுக் குரல். கழுவிக் கவிழ்த்த வெண்கலப் பாத்திரம் மாதிரி. சரணத்துக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. இரைச்சல் என்ற பேச்சே இல்லை.

திரும்பப் போட்டாள். இன்னொரு தடவையும் போட்டாள்.

அழுகை வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது. வத்தலக்குண்டு மேடையில் அவர் எந்த வயரை எங்கே கட்டியிருந்தார்? யார் போய்ப் பார்த்தார்கள்?

சால்டரிங் அயர்ன் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

தட்டை எடுத்துவிட்டு, பிளேயரை மறுபடி கவிழ்த்தாள்.

பச்சையைத் திருகாணியில் கட்டினாள். கறுப்பைப் பச்சையின் இடத்தில் வைத்தாள். அவர் வைத்திருந்தபடியே, அச்சாக. அடிப்பலகையை மாட்டி, ஒரு திருகாணி விடாமல் முடுக்கினாள்.

தட்டை உறையில் போட்டுக்கொண்டாள்.

ஒன்றரை மணிக்கு அவர் வந்தார். பின்கட்டில் கைகால் கழுவும் சத்தம் கேட்டது. பிளேயரைப் போட்டு, சத்தத்தைக் கூட்டினாள்.

வீடு முழுக்க உறுமியது.

“பார்த்தியா?” அங்கிருந்தே கத்தினார். “குரலா அது? நிறுத்து அந்தப் பாட்டை!”

“உள்ள வாங்க,” என்றாள். “யாரு பாடுறாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க.”

துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

ரப்பர் விரிப்பு மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. முள் அதன் தாங்கியில் படுத்திருந்தது. தட்டு அவள் மடியில், உறைக்குள் இருந்தது.

அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அவள் சத்தத்தை இன்னும் கூட்டினாள்.