நூறு நாள் ஊசி

இன்னும் கிட்ட வந்து உட்காருங்க. எங்க தோங்யோங் ஊர் மீன் மார்க்கெட்டுக்கே கேட்கிற மாதிரி சொல்ல முடியாது. என் மானம் போன கதை.

மருமகள் போராமுக்கு எட்டாவது மாசம். ஒருநாள் காலையில், "அத்தை, நூறுநாள் இருமலுக்கு ஊசி போடணுமாம், டாக்டர் சொன்னாங்க" என்றாள்.

என் காதில் விழுந்தது 'நூறுநாள்' மட்டும்தான்.

"பிள்ளை பிறந்து நூறாம் நாள் விருந்து வைக்க இன்னும் அஞ்சு மாசம் கிடக்கு. இப்பவே எதுக்குடி ஊசி?"

"விருந்து இல்ல அத்தை, கக்குவான் இருமல்! பச்சைக் குழந்தைக்கு வந்தா மூச்சே நின்னுடும். ரெண்டு மாசம் ஆனாத்தான் அதுக்கு ஊசி போட முடியும். அதுவரைக்கும் நாமதான் காபந்து."

"வாத்துக் கறி தின்னா பிள்ளைக்கு விரல் ஒட்டிக்கும்னு அதையே உன்னைத் தொட விடல. ஊசியாம்! உன் புருஷனைச் சுமந்தப்ப நான் தலைவலி மாத்திரைகூட முழுங்கினதில்ல."

"அதான் அவருக்கு எப்பப் பாரு தலைவலியா?"

இதுக்கு மேல் விட்டால் ஆகாது என்று, டாக்டரிடம் நியாயம் கேட்க நானே கிளம்பினேன். என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டினார். போராமும் கூடவே ஏறிக்கொண்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். "தாய்க்குப் போட்டா வயித்துல இருக்கிற பிள்ளைக்கும் பாதுகாப்பு போய்ச் சேரும்மா."

"சொல்லிட்டு நீங்க போயிடுவீங்க. இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

போராம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு அத்தை. முதல்ல நீங்க போட்டுக் காட்டுங்களேன். உங்களுக்குப் பயமா இருந்தா வேணாம், வீட்டுக்குப் போயிடலாம்."

எனக்கா பயம்? முப்பது வருஷமாக விலாங்கு மீனை உயிரோடு உரித்து விற்கிறவள் நான்! நர்ஸ் வேறு பார்த்துக்கொண்டே நின்றாள். சட்டைக் கையைச் சுருட்டினேன். கண்ணை இறுக மூடினேன். பிள்ளைக்காகப் பயப்படுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். நான் கண்ணை மூடியதற்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை.

"ஐயோ!"

"இன்னும் பஞ்சுதாம்மா வச்சிருக்கேன்" என்றாள் நர்ஸ்.

ஒருவழியாக முடிந்தது. "ப்பூ, இவ்வளவுதானா! ம், இப்ப நீ கையை நீட்டு" என்று கெத்தாகத் திரும்பினேன். போராம் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி.

நர்ஸ் சிரித்தாள். "அவங்க போன வாரமே போட்டுக்கிட்டாங்களே! பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சப் போறவங்களும் போட்டுக்கணும்ல? இன்னிக்கு அவங்க பேர் குடுத்திருந்தது உங்க ரெண்டு பேருக்கும்தான்."

"ரெண்டு பேரா?"

வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன். நைசாக நழுவப் பார்த்த என் வீட்டுக்காரரை எட்டு மாச வயிற்றால் வழிமறித்து நின்றபடி, "கொஞ்சம் அசையாம இருங்க மாமா" என்று அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள் போராம்.