ஒரு ஜன்னலுக்கு மட்டும்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு வீடு. அந்த வீட்டில் எத்தனையோ ஜன்னல் இருந்தும் ஒரே ஒரு ஜன்னலுக்கு மட்டும் இரட்டைக் கண்ணாடி போட ஆள் வந்தது. அதுவும் நினைவு தப்பிப்போன அம்மா படுத்திருக்கும் அறைக்கு.

ஆளை வரவழைத்தது அம்மாவோடு இருக்கும் தம்பி. சேதி வேறு ஊரில் குடியிருக்கும் அக்காவுக்கு அவள் மாமியார் வழியாகப் போனது. மாமியார் இருப்பது நேர் எதிர் வீட்டு மாடியில். குறுகிய தெரு, இங்கே இருமினால் அங்கே தண்ணீர் எடுத்து வருவார்கள்.

"எனக்கென்ன வந்தது," என்றுதான் போனில் ஆரம்பித்தாராம் மாமியார். "ஒரு மாசமா உங்கம்மா கத்தினா உன் தம்பி ரேடியோவை அலற விடுறான். இப்போ பெத்தவ வாயை அடைக்கக் கண்ணாடியே வாங்கிட்டான்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. பஸ் பிடித்து வந்து இறங்கினாள்.

கண்ணாடிக்காரர் வேலையை முடிக்கும் தறுவாயில் இருந்தார். பழைய ஜன்னல் கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. புதுச் சட்டத்தின் விளிம்பில் பசையை விரலால் வழித்துக்கொண்டே, நடுவில் காற்றை அடைத்த இரண்டு கண்ணாடி என்றும், சாத்திவிட்டால் தெருவில் லாரி போனாலும் ஊமைப் படம்தான் என்றும் பெருமையாகச் சொன்னார்.

"உள்ளே இருக்கிறவங்க கத்தினா?" என்று கேட்டாள் அக்கா.

அவர் தம்பியைப் பார்த்தார். "அதுவும் வெளியே போகாதுங்க."

அம்மாவுக்குப் பகல் எது, இரவு எது, செத்தவர் யார், இருப்பவர் யார், எதுவும் தெரியாது. வாய் மட்டும் ஓயாது. அக்கா எப்போதாவது வந்து, பழத்தை வைத்துவிட்டு, நெற்றியைத் தடவிவிட்டுப் போவாள். அந்த நேரத்தில் அம்மா அநேகமாகத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

"ஏண்டா, நீ குழந்தையில ராத்திரி பூரா கத்தினப்போ அவ எந்தக் கண்ணாடியைப் போட்டா?"

தம்பி நிமிரவில்லை. தூக்கம் கெடுகிறது என்றான்.

"யார் தூக்கம்?"

"என் தூக்கம்தான்க்கா."

கட்டிலுக்கு அடியில் அவனுடைய பாய் சுருட்டிக் கிடந்தது. சத்தத்தை அறைக்குள்ளேயே பூட்டிக்கொண்டு, அதே அறையில் படுக்கிறவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? புத்தி மட்டு என்று நினைத்துக்கொண்டாள். கோபத்தில் அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை.

இதைக் கழற்றிப் பழையதையே மாட்டச் சொன்னாள். பசை இழுத்தாச்சு என்று கண்ணாடிக்காரர் முனகினார். தம்பி கெஞ்சினான். அம்மா விழித்திருக்கிறாள், எதுவானாலும் வெளியே போய்ப் பேசலாம் என்றான். அவள் கேட்கவில்லை. ஜன்னலை விரியத் திறந்தாள். எதிர் மாடியில் மாமியார் துணி உலர்த்துகிற சாக்கில் நின்றிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

"நீ பேசும்மா. வாய்விட்டுப் பேசு. யார் தடுக்கிறாங்கன்னு நானும் பார்க்கிறேன்."

சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

பெரியவள் குரல் கேட்டதும் அம்மாவின் முகம் தெளிந்தது. மகளின் கன்னத்தைத் தொட்டாள். முதலில் முனகலாகத்தான் ஆரம்பித்தாள்.

"வந்துட்டியா. அழாதடி. பால் கட்டினா அப்படித்தான் வலிக்கும், தானா வத்திடும். குழந்தை நல்ல இடத்துக்குத்தான் போயிருக்கு. தத்து எடுத்தவங்க தங்கமா வளர்ப்பாங்க."

பிறகு குரல் ஏறியது.

"நீ வாயைத் திறக்காதே. கல்யாணம் முடியறவரைக்கும் எதிர் வீட்டுக்கு…"

ஜன்னல் அறைந்து சாத்தப்பட்டது. சாத்தியவள் அக்கா.

கண்ணாடிக்கு அப்பால் மாமியார் காதோரம் கையைக் குவித்து நின்றார். வாய் அசைந்தது. என்ன, என்ன என்று கேட்கிறார் போலிருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் வெளியூரில் வைத்து நடந்ததை அக்கா கட்டிய கணவனிடம்கூடச் சொன்னதில்லை. தம்பி அப்போது சின்னப் பையன். அவனுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை காலமும் நம்பியிருந்தாள்.

அம்மா கூவிக்கொண்டிருந்தாள். தம்பி பக்கத்தில் போய் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "யார்கிட்டயும் சொல்லலைம்மா. யாருக்கும் தெரியாது. நீ தூங்கு," என்றான். பல ராத்திரி சொல்லிப் பழகிய குரல்.

"எப்போலேர்ந்துடா?" என்றாள் அக்கா.

"எது?" என்றான் அவன். "அவங்க சொல்றது எனக்கு ஒண்ணும் புரியறதில்லக்கா. தூக்கம் கெடுது, அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரர் ரொம்ப நேரமாகத் தன் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கடைசியில், கழற்றிவிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம்," என்றாள் அக்கா. "விளிம்புல இன்னொரு தடவை பசை இழுத்துடுங்க."

அவள் கிளம்பினாள். வழியனுப்பத் தம்பி வாசல்வரைக்கும் வந்தான்.

மாமியார் மாடியிலிருந்து பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக் காத்திருந்தார். "உங்கம்மா ஏதோ சொல்ல வந்தாங்களே, அதுக்குள்ள யாரு சாத்தினது? ஒரு கைதான் தெரிஞ்சது."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அண்ணாந்து மாமியாரைப் பார்த்தாள்.

"வேற யாரு அத்தை? இவன்தான். பெத்த தாயைப் பேச விடாதவன் எல்லாம் ஒரு பிள்ளையா?"

தெருவுக்கே கேட்டது.

ஆமாம் என்று தம்பி மாமியாரைப் பார்த்துத் தலையாட்டினான். அக்கா திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.